பேட்டரி நல்லாத்தான் இருக்குதாம்

நாளை சேலத்தில் தங்கை கல்யாணம். பெண்ணை மண்டபத்துக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு எங்கள் பழைய காருக்கு.

அதனால் இன்று காலை வீட்டுக்காரரிடம் கேட்டேன். “ஏனுங்க, பேட்டரி மாத்தி நாலஞ்சு வருசம் ஆச்சே, ஒருக்கா பாத்துரலாமுங்களா?”

“அதெல்லாம் கல்லு மாதிரி இருக்குது கண்ணு. இன்னிக்கு வரைக்கும் ஒரு நாளாச்சும் மக்கர் பண்ணியிருக்குதா?”

பண்ணியதில்லைதான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொல்லி, நான் முன்னால் நின்றுகொண்டேன். வெளிச்சம் ரொம்ப மங்கினால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம்.

திருப்பினார். மங்கவெல்லாம் இல்லை, அணைந்தே போனது. உள்ளேயிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

“கடைசியா எப்பங்க சாவியில ஸ்டார்ட் பண்ணுனீங்க?”

யோசித்தார், யோசித்தார். எனக்கும் நினைவில்லை. மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் வீட்டு வாசலே இறக்கம். சோளக்காட்டுச் சந்தைக்குப் போனாலும் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவோம். பிரேக்கை விட்டால் வண்டி உருளும், கியரைப் போட்டுக் கிளச்சை விட்டால் கிளம்பிவிடும். இதில் பேட்டரி எப்போது படுத்ததென்று யாருக்குத் தெரியும்?

“சேலத்து மண்டபம் சமதரைங்க. பொண்ண உள்ள உக்கார வெச்சுட்டு என்ன பண்ணுவீங்க?”

மனுஷன் அசரவில்லை. “பேட்டரி மேல ஒரு குத்தமும் இல்ல கண்ணு. சேலத்துலதான் இறக்கம் இல்ல.”

கல்யாணத்துக்கு வரும் சொந்தங்களே, பட்டுவேட்டியோடு கார் தள்ளிப் பழக்கம் உள்ளவர்கள் கமெண்டில் கையைத் தூக்கவும்.