டயனா சின்னம்மாவின் காலைக் கீரை

“கீரைய வெட்டிப்போட்டுக் கழுவுறாளுகள்! சத்தெல்லாம் வாய்க்காலுக்கு, சக்கை பிள்ளைக்கு!”

கற்பிட்டிக் கரையில் எங்கள் டயனா சின்னம்மா இதைச் சொல்லாத நாளில்லை. வேலிக்குப் பின்னால் நின்று அவருடைய குரலில் நான் ஒருமுறை இதைச் சொன்னதற்கு, கீரை வெட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு றோசமேரி அக்கா சின்னம்மாதான் என்று கத்தியைப் போட்டுவிட்டு எழும்பிவிட்டார்.

சின்னம்மா ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் காலைச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறவர். தொண்ணூறு பிள்ளைகள். சோறு, பருப்பு, கீரைச் சுண்டல். மாலையில் வாங்கும் பொன்னாங்காணியை முழுசாகவே ஈரத்துணியில் சுற்றி வைப்பார். விடியக் கழுவி, பிறகுதான் வெட்டுவார். அதனால் போன கிழமை இரண்டு நாள் சாப்பாடு பிந்திவிட்டது.

பள்ளிக்கூட அதிபர் மூக்கால் கதைப்பார். “டயனா அக்கா, இரவைக்கே வெட்டி வைங்க. இன்னொரு நாள் பிந்தினா வேற ஆளுக்குக் குடுத்துருவன்.”

“வெட்டி வச்சாச் சத்துப் போயிரும் சேர்.”

“சத்தை ஆரு கண்டது? மணியைத்தான் எல்லாரும் பாக்கிறாங்க.”

அன்று பின்னேரம் சின்னம்மா வீடு வீடாகப் போய் வெட்டுப்பலகை இரவல் வாங்கினார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு பீற்றர் சித்தப்பாவின் தோணி கரை தொட்டது. அவரையும் கூடப்போன மூன்று பேரையும் நாலு வெட்டுப்பலகையோடும் ஒரு கட்டி சவுக்காரத்தோடும் வரவேற்றவர் சின்னம்மா.

“என்னடி, கடலால வாற மனுசனக் கீரை வெட்டச் சொல்லுறியா?”

“நெத்தலி கிள்ளுற கைக்குக் கீரை பாரமா? முழங்கை மட்டும் கழுவுங்க!”

தோணியில் கூடப்போன மனுவேல் கையை மோந்து பார்த்தான். “இன்னும் மணக்குது அக்கா.”

“அப்ப இன்னொருக்காக் கழுவு.”

நாலு பேரும் முற்றத்தில் குந்தினார்கள். மீன் வெட்டிப் பழகிய கைகள். கீரை மயிரிழையாக விழுந்தது. விழுந்ததைக் குவிய விடாமல் உடனுக்குடன் அள்ளிச் சட்டியில் போட்டார் சின்னம்மா. தேங்காய்ப்பூ, இரண்டு கிளறு, இறக்கு. தேசிக்காய்ப் புளி அடுப்பை விட்டு இறக்கிய பிறகுதான். பச்சை அப்படியே நின்றது.

பள்ளிக்கூட மணி அடிக்க முன்னமே, ஏழு இருபதுக்கே, சாப்பாடு அங்கே இருந்தது. பிள்ளைகள் இரண்டாம் தரமும் சுண்டல் கேட்டார்கள். சட்டி வழித்த சத்தத்தில் சித்தப்பாவின் மீசைகூட நிமிர்ந்துவிட்டது.

அதிபர் மணிக்கூட்டைப் பார்த்தார். “சரி, சாப்பாடு உங்களுக்கேதான். ஆனா இரவைக்கே வெட்டியிருந்தா இவ்வளவு பாடு இல்லையே அக்கா?”

வெறும் சட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சின்னம்மா சொன்னார்:

“முழு மீன் ஐசில ஒரு இரவு தாங்கும் சேர். வெட்டின மீன விடியுமட்டும் சும்மா வச்சிட்டுக் கொண்டந்தா வாங்குவீங்களா? மூக்கப் பொத்துவீங்க. கீரை பாவம், சத்துப் போனாலும் மணக்காது; அதுக்காகப் பிள்ளைகள ஏமாத்தச் சொல்லுறீங்களா?”