மிஸ் கேட்ட சிரட்டை

எங்கள் தண்ணீர் வாளியில் விளிம்பு தேய்ந்த பழைய சிரட்டை ஒன்று கிடக்கிறது. ஒருகாலத்தில் அது நிறைய அவரை விதையோடு, தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் கூடியிருந்த பெண்களிடையே கைமாறிக் கைமாறிப் போனது. அதை என்னிடம் கேட்டு வாங்கியவர், ஆட்களின் கருத்தைக் கேட்க வந்த மிஸ்.

நாங்கள் குடம் வைத்துப் பிடிக்கும் பீலிக்குத் தண்ணீர் தரும் ஊற்றுக்கு மேலே கொஞ்சம் காடு இருந்தது. அதை அப்படியே விடுவதா, வெட்டிவிட்டு யூகலிப்டஸ் நடுவதா என்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆட்களைக் கேட்டே கம்பெனிக்காரர்கள் முடிவு செய்வார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அவரும் கொட்டகலைப் பக்கம் லயத்தில் பிறந்தவர். என் வாசற்படியில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கூட்டமென்றால் கதவோரம் நிற்பவள். "பேச வரலன்னா பரவால்லம்மா, வெத போடுங்க. வெத பேசும்" என்றார். நம்பினேன்.

தரையில் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டார். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் யூகலிப்டஸ். தண்ணீருக்கு எது நல்லது, விறகுக்கு எது, வருமானத்துக்கு எது என்று மூன்று கேள்வி. நல்லதென்று படுகிற பக்கத்தில் விதை வைக்க வேண்டும். தண்ணீருக்கான கேள்வியில் காட்டுப் பக்கம் விதை குவிந்து கோட்டைத் தாண்டி உருண்டது. விறகிலும் காடுதான். வருமானத்தில் மட்டும், உள்ளதைச் சொல்ல வேண்டுமே என்று நாங்களே யூகலிப்டஸுக்குக் கொஞ்சம் வைத்தோம். "பந்தியில மாப்பிள்ளைக்குச் சோறு வச்ச மாதிரியில்ல குமிச்சிட்டாளுக!" என்று காட்டுப் பக்கக் குவியலைக் காட்டிச் சொன்னாள் பக்கத்து வீட்டு மதினி. மிஸ்ஸும் சிரித்தார்.

அடுத்த கூட்டத்தில், யூகலிப்டஸ்தான் முதலில் வந்திருக்கிறது என்று வாசித்தார்.

மதினிதான் கேட்டாள். "என்னா மிஸ், குமிஞ்சது காட்டுக்குத்தானே?"

"வருமானத்துக்கு வச்ச ஒரு வெத, அஞ்சு வெதைக்குச் சமங்க. மேல உள்ளவங்க வச்ச கணக்கு."

"எப்ப வச்சாங்க?"

"ஒங்களக் கூப்புட முந்தியே."

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்?"

மிஸ் என் பக்கம் திரும்பவில்லை. சுத்தமாயிருந்த விரல்களைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே நின்றார்.

எங்களைக் கேட்காமலே மரத்தை நட்டிருக்கலாம். தோட்டத்தில் எதற்குத்தான் எங்களைக் கேட்டார்கள்? அதுவென்றால் பழகிய வலி, மறந்திருப்பேன். கேட்டார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை. விதை பேசும் என்று சொன்னவருக்கு, அது என்ன பேசப்போகிறது என்று அப்போதே தெரிந்திருந்தது. நாங்கள் உண்மையாக வைத்த அந்தக் கொஞ்ச விதையை வைத்தே எங்கள் காட்டை எடுத்தார்கள்.

யூகலிப்டஸ் வளர்ந்த பிறகு, இப்போது வெயில் காலத்தில் பீலியில் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வரும் நாளில் பிடித்துவைத்து, சிரட்டையால் மொண்டு மொண்டு செலவழிக்கிறோம்.

போன மாதம் மிஸ் வந்தார். தலை நரைத்திருந்தது. தண்ணீருக்கு என்ன திட்டம் நல்லது என்று ஆட்களைக் கேட்கப் போகிறார்களாம்.

"அம்மா, அந்தச் செரட்ட இருக்குங்களா?"

நான் கதவோரம் ஒதுங்கவில்லை. வாசலிலேயே நின்றேன்.

"இருக்குங்க மிஸ். தண்ணி மொள்ள வச்சிருக்கேன். தர ஏலாது."