பதினாறு முடிஞ்சிருச்சுங்க

கோர்ட்டுக் கூண்டின் குறுக்குக் கட்டைக்கு மேல் என் சித்தி மகளின் நெற்றியும் கண்களும் மட்டும்தான் தெரிந்தன. டவாலி போட்ட ஆள் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு அவளை அதில் ஏற்றி நிறுத்தினார். அதைப் பார்த்துக் கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எச்சில் இலையை மிதித்துவிட்ட மாதிரி அந்தச் சிரிப்பு இத்தனை வருஷம் கழித்தும் என்னோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. சித்தி என் அம்மாவின் தங்கை. புருஷன் போன பிறகு, விஸ்வநத்தம் பக்கம் ஒரு வெடி ஆலைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். அதே ஆலையில் நான் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த போர்மேன் அந்தப் பிள்ளையைக் கெடுத்தான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

சித்தி போலீசுக்குப் போகப் போகிறாள் என்று தெரிந்ததும் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஊர்ப் பெரியவர் வெற்றிலையை மென்றுகொண்டே, “ஏத்தா, நீ பாட்டுக்குக் கேசு கீசுன்னு போயிட்டா நம்ம தெருவுக்குக் கம்பெனி வேனு வராது. அம்புட்டு வீட்டு அடுப்பும் அணைஞ்சிரும், பாத்துக்க” என்றார். “வேனு வராட்டா நடந்து போவோம்யா. எம்மக வாயத் தொறந்து பேசி எம்புட்டு நாளாச்சு தெரியுமா? அதுக்கு என்ன வழி சொல்றீக?” என்று சித்தி கேட்டாள். பெரியவர் எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தார்.

வழக்கு விருதுநகர்க் கோர்ட்டில் நடந்தது. எங்கள் தெரு ஆட்கள், ஆலை ஆட்கள், சம்பந்தமே இல்லாத கடைவீதி ஆட்கள் என்று சினிமாக் கொட்டகைக்கு வருவது போல வந்திருந்தார்கள். ஒருவன் வறுத்த கடலையை உள்ளங்கையில் தேய்த்துத் தோலை ஊதிக்கொண்டே எட்டிப் பார்த்தான். அத்தனை பேர் முன்னால், எதிர்க் கூண்டில் அந்தப் போர்மேன் நிற்க, பிள்ளை நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்லவும் செய்தாள். சத்தம் வரவில்லை, உரக்கச் சொல்லு, உரக்கச் சொல்லு என்று மறுபடி மறுபடி சொல்ல வைத்தார்கள்.

கடைசியில் போர்மேனின் வக்கீல் அன்பாகச் சிரித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். “பாப்பா, உனக்கு என்ன வயசு?”

அதுவரை தலையைத் தொங்கப் போட்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். “பதினாறு முடிஞ்சிருச்சுங்க ஐயா” என்றாள்.

அவளுக்கு வயது பதினொன்று. சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஆலைக்கு இன்ஸ்பெக்டர் ஜீப் வந்தால் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம். சட்டை போட்ட பெரிய மனுஷர் யார் வந்து வயது கேட்டாலும் இந்தப் பதில்தான். காலையில் வேனில் ஏறுமுன் வரிசையாக நிறுத்திச் சொல்ல வைப்பார்கள். வீட்டில் தலை பின்னும்போது தாய்மாரும் சொல்லிப் பார்க்க வைப்பார்கள். வேனடியில் அதைச் சொல்லிக்கொடுத்தவன் எதிர்க் கூண்டில் நின்ற அவனேதான்.

“இல்லீங்கய்யா, பதினொண்ணுங்க! இன்ஸ்பெக்டருக்காகச் சொல்லிக் குடுத்ததுங்க!” என்று சித்தி கத்தினாள். “அப்போ பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்கினது நீதானே?” என்றார் வக்கீல். கோர்ட்டே சிரித்தது. சத்தம் போட்டதற்காகச் சித்தியை வெளியே அனுப்பினார்கள். முக்காலி மேல் நின்ற பிள்ளை, அம்மா எங்கே போகிறாள் என்று திரும்பிப் பார்த்தது.

பிறந்த தேதியை எழுதி வைக்கிற வீடு இல்லை எங்களுடையது. வயதைப் பற்றி டாக்டர் இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம் என்றார். பதினாறு முடிந்தவள், இஷ்டப்பட்டுத்தான் போனாள் என்று வக்கீல் பேசினார். அன்றைய சட்டத்துக்கு அந்தப் பதினாறு போதும். போர்மேன் விடுதலையானான். ஆலை வாசலில் அவனுக்கு மாலை போட்டுச் சரவெடி கொளுத்தினார்கள். அந்தச் சரப் பெட்டியை என்னைத்தான் எடுத்து வரச் சொன்னார்கள். நான் பெட்டியைத் தொடாமல் வெளியே வந்தவன், பிறகு அங்கே போகவில்லை.

பேப்பரில் பிள்ளையின் பெயரையும் தெருப் பெயரையும் சேர்த்தே போட்டிருந்தார்கள். டீக்கடையில் ஒருவன் அதை ராகம் போட்டு வாசித்தான். எங்கிருந்தோ சைக்கிளில் வந்தவர்கள், “அந்தப் பிள்ளை வீடு எதுலே?” என்று விசாரித்துவிட்டு வாசலில் நின்று பார்த்துப் போனார்கள். சித்தி வீட்டைக் காலி செய்து திருநெல்வேலிப் பக்கம் போனாள். அங்கே ஒரு மிஷன் பள்ளியில் மகளை வேறு பெயர் கொடுத்துச் சேர்த்தாள்.

போர்மேன் பெயரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் அவன் வாங்கிக் கொடுத்த டியூப் லைட்டில், வெளிச்சத்தில் பாதியை மறைத்துக்கொண்டு அது இன்னும் இருக்கிறது. அதன் அடியில் நின்று என்னால் கும்பிட முடிந்ததில்லை.

இப்போது இந்த மாதிரி வழக்குகளை அடைத்த அறையில்தான் விசாரிக்க வேண்டும், பெயரை வெளியிட்டால் தண்டனை என்று சட்டம் வந்திருக்கிறதாம். போன மாதம் சித்தியைப் பார்க்கப் போனபோது அதைச் சொன்னேன். “இனிமே வர்ற பிள்ளைகளுக்காவது ஆகட்டும்ப்பா” என்றாள். பிறகு எனக்குக் காப்பி போடச் சொல்வதற்காக, உள்ளே இருந்த மகளைக் கூப்பிட வாயைத் திறந்தவள், ஒரு கணம் அப்படியே நின்றாள். எந்தப் பெயர் நாக்கில் வந்து நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அதை விழுங்கிவிட்டு, மற்றப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.