லென்ஸுக்குப் பூக் கேட்ட தம்பி

பழைய கேமராக் கடையில வேவாரம் பாக்கறதுன்னா சாமான் விக்கறது பாதிதானுங்க, மீதிப் பாதி அடுத்தவங்க ரோசனை பண்றதைப் பாத்துட்டு உக்காந்திருக்கறது. துணிக்கடை, நகைக்கடைன்னு கவுண்டருக்குப் பின்னால நின்னு பொழைக்கற அத்தனை பேருக்கும் இந்த வெசனம் தெரியும். டவுன்ஹால் பக்கத்துச் சந்துல எங்க கடை. எங்கூட்டுக்காரரு உள்ள உக்காந்து ரிப்பேர் பாக்கறாரு, அதனால அவரு தப்பிச்சுக்குவாரு. வர்றவங்ககிட்டப் பேசறது நானுங்க.

உக்கடம் கொளத்துல ஒரு ரோலு

பீளமேட்டு ஐ.டி. ஆபீசுல வேலை பாக்கற தம்பி ஒருத்தரு, பேரு கதிர்வேலு. ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வெச்சிருக்கறாரு. அதுல லென்ஸ் வழியாப் பாக்கறதில்லைங்க, மேல தனியா ஒரு சின்ன ஜன்னலு, அது வழியாப் பாக்கோணும். அம்பது எம்.எம். லென்ஸ் ஒண்ணு இருக்குது, அடுத்தது எது வாங்கறதுங்கறதுதான் அவரு பிரச்சனை. முப்பத்தஞ்சுன்னா படம் அகலமா வரும், இருவத்தெட்டுன்னா இன்னும் அகலம், தொண்ணூறுன்னா தூரத்துல இருக்கறது கிட்ட வரும். இவ்வளவுதானுங்க விசயம். இதுக்கு மாசி மாசம் கடைக்கு வந்தவரு, தீவாளி தாண்டியும் முடிவு பண்ணல. என்ற நாத்தனா ஒருத்தி இப்படித்தான், ஈரோட்டுக்குப் பட்டுச்சீலை எடுக்கப் போயி, பொழுதுக்கும் கடை கடையா ஏறி எறங்கி, கடைசில ரெண்டு துண்டு வாங்கிட்டு வந்தா. அது கெடக்குது.

என்னமோ பண்ணட்டும்னு கடையில இருந்த ஒரே முப்பத்தஞ்சை அவருகிட்டக் குடுத்து, எடுத்துப் பாத்துட்டு வா தம்பின்னு அனுப்பி வெச்சேன். உக்கடம் கொளத்துக்குப் போயி, கொக்கு, பரிசல்னு ஒரு ஃபிலிம் ரோலு முழுக்கச் சுட்டுப்போட்டாரு. கழுவிப் பாத்தா ஒண்ணுமே இல்ல. லென்ஸ் மூடியைக் கழட்டவே இல்லைங்க. ஜன்னல் வழியாப் பாத்தா எல்லாம் பளிச்சுன்னுதானே தெரியும், அவரு எங்க கண்டாரு. லென்ஸை மூடியோட கொண்டாந்து கவுண்டர்ல வெச்சுட்டு, நெம்ப மரியாதையாச் சொல்றாரு: "ஏனுங்கம்மா, லென்ஸ் நல்லாத்தான் இருக்குதுங்க, கொஞ்சம் இருட்டா எடுக்குதுங்க."

ஒறம்பரையோட வந்தாரு

அடுத்த சனிக்கெழமை அம்மாவையும் சம்சாரத்தையும் ஒட்டுக்காக் கூட்டிட்டு வந்துட்டாரு. மூணு லென்ஸையும் வரிசையா வெக்கச் சொல்லி, ஒவ்வொண்ணா மாட்டி அவங்களைப் பாக்கச் சொல்றாரு. அந்தம்மா ஜன்னல்ல கண்ணை வெச்சு, எல்லாத்துலயும் இந்தக் கடைக்காரம்மாதான் தெரியறாங்கன்னு சொல்லுச்சு. நான் தலையைக்கூடச் சீவல அன்னைக்கு. காப்பி வாங்கிக் குடுத்தேன், குடிச்சாங்க. எங்கூட்டுக்காரரு உள்ளயிருந்து எட்டிப் பாத்துட்டு மறுபடியும் உள்ள போயிட்டாரு.

கடைசில அந்தம்மாவுக்கே சலிச்சுப்போச்சு. "ஏங் கண்ணு, உனக்குப் பொண்ணு பாக்கவே நாம ரெண்டு ஊடுதான் போனோம், ரெண்டாவது ஊட்டுலயே சரின்னுட்டியே"ன்னு கேட்டுச்சு. சம்சாரம் பக்கத்துலதான் நிக்குது. டம்ளரைக் கீழ வெச்சுட்டு அது சொன்னது: "அன்னைக்கும் இப்படி ரோசனை பண்ணியிருந்தா நான் தப்பிச்சிருப்பேனுங்கத்தை."

ஈரோட்டுப் புள்ளை

இந்தக் கூத்துக்கு நடுவுலதான் ரேவதி வந்தா. ஈரோட்டுல ஒரு ஸ்டுடியோவுல இத்தன நாளும் லைட்டுப் புடிச்சுட்டு இருந்த புள்ளை. மொதல் தடவையா தன் பேர்ல ஒரு கல்யாணம் கெடச்சிருக்குது. தை முகூர்த்தம், ஃபிலிம்ல எடுத்துக் குடுக்கறேன்னு சொல்லிப்போட்டா. அவளோடதும் அதே மாதிரிக் கேமராதான், அம்பது லென்ஸ் மட்டும் இருக்குது. இணைச்சீருன்னு மாப்பளைக்குக் கூடப்பொறந்தவ செய்யற சீரை ஊட்டுக்குள்ளயே வெக்கறாங்களாமா. மாப்பளையும் அவரு அக்காளும் உக்காந்திருப்பாங்க, சுத்தி ஒறம்பரை நெருக்கிட்டு நிக்கும். அம்பதை வெச்சுட்டு மாப்பளை மூஞ்சியை எடுத்தா அக்கா மூஞ்சி வராது, பின்னால போனா செவுரு இடிக்கும், ஊட்டைப் போயிப் பாத்துட்டேங்கறா. முப்பத்தஞ்சு இருந்தா ரெண்டு பேரும் வந்துருவாங்க. இந்த வேலை கெட்டுதுன்னா மறுபடியும் லைட்டுப் புடிக்கத்தான் போகோணும்னு சொல்றப்பவே கண்ணு கலங்கிருச்சு.

என்ற கையில இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அதைக் கதிர்வேலுக்கு எடுத்து வெக்கறேன்னு முந்தியே வாய் விட்டுச் சொல்லிப்போட்டேன். முடியாது போங்கன்னு சொல்ற வாயி நமக்கெங்க இருக்குது. வெள்ளிக்கெழமை வரைக்கும் பொறு அம்மணி, அந்தத் தம்பிகிட்டக் கேட்டுப்போட்டுச் சொல்றேன்னேன். அதுக்கு அவ சொன்னா: "அவரு ரோசனை பண்ணி முடிக்கறதுக்குள்ள, நான் படம் புடிக்கற கல்யாணப் பொண்ணுக்குக் கொழந்தையே பொறந்துருமுங்கம்மா."

பூசாரி கேட்ட கேள்வி

கதிர்வேலுக்குப் போனைப் போட்டு, வெள்ளிக்கெழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லு தம்பின்னேன். அப்படீன்னா குலசாமிகிட்டப் பூக் கேட்டுட்டு வந்தர்றேனுங்கன்னாரு. ரெண்டு பொட்டணம் கட்டி, ஒண்ணுல வெள்ளைப் பூவு, ஒண்ணுல செவப்புப் பூவு வெச்சு, சாமி முன்னால போட்டு ஒண்ணை எடுக்கறது. வெள்ளை வந்தா சரின்னு அர்த்தம். நாங்களும் கேட்டிருக்கறோம், மகளைக் கட்டிக் குடுக்கறப்ப, தோட்டத்துல போர் போடறப்ப. போர் போட்ட கதையைச் சொன்னா அது தனியா நீளும், தண்ணி வரல, அதோட விடுங்க. ஆனா லென்ஸுக்குப் பூக் கேட்டு நான் பாத்ததில்ல.

வியாழக்கெழமை காங்கயத்துக்கு அக்கட்டால இருக்கற கோயில்லயிருந்து போன் பண்றாரு. வெள்ளைப் பூவு வந்துருச்சாமா, முப்பத்தஞ்சுதான்னு சாமியே சொல்லிருச்சாமா. குரல்ல அத்தனை சந்தோசம். எனக்கு அந்தப் புள்ளை மூஞ்சிதான் கண்ணு முன்னால வந்துச்சு. பூசாரி ஒண்ணுஞ் சொல்லலீங்களான்னு கேட்டேன். "சொன்னாருங்க. முப்பத்தஞ்சுங்கறது பவுனா, சென்ட்டான்னு கேட்டாருங்க."

வெள்ளிக்கெழமை

காத்தாலயே ரேவதி வந்து ஸ்டூல்ல உக்காந்துட்டா. நான் எப்படிச் சொல்றதுன்னு மென்னு முழுங்கறதுக்குள்ள கதிர்வேலு நெத்தி நெறையத் திருநீறோட வந்துட்டாரு. லென்ஸை எடுத்து அவரு கையில குடுத்தேன். அவ எந்திரிச்சுப் பையை மாட்டிக்கிட்டா. இவரு லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பாக்கறாரு. கேமராவுக்குப் பக்கத்துல வெச்சுப் பாக்கறாரு. இத்தன தடவை மாட்டிப் பாத்தவரு, இன்னைக்குத்தான் கண்டுபுடிச்ச மாதிரி சொல்றாரு, "இது வெள்ளிக் கலருங்களா? என்ற கேமரா கருப்புங்களே. சாமிகிட்டக் கலரு கேக்காம வந்துட்டேனுங்கம்மா. மறுக்கா ஒருக்காப் போயிட்டு வந்தர்றேன், அது வரைக்கும் எடுத்து வைங்க."

எனக்கு என்ன வந்துச்சோ தெரியலீங்க. அவரு கையிலயிருந்து லென்ஸை வாங்கி, வாசப்படி எறங்கப் போனவளைக் கூப்புட்டு, இந்தா அம்மணி, மூடியைக் கழட்டிட்டு எடுன்னு குடுத்துப்போட்டேன். அவ அங்கயே மாட்டிப் பாத்துட்டு, பணத்தைக் கவுண்டர்ல வெச்சுட்டு, எங்க என்ற மனசு மாறிருமோன்னு ஒரே ஓட்டமா ஓடிட்டா. நான் கதிர்வேலு மூஞ்சியைப் பாக்கச் சங்கடப்பட்டுட்டு நிக்கறேன். அவரு ஒரு ஒறம்பரைக் கல்யாணம் நல்லபடியா முடிஞ்ச மாதிரி பெருமூச்சு உட்டுட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. "நல்லதாப் போச்சுங்கம்மா. இனி இருவத்தெட்டா, தொண்ணூறான்னு மட்டும் ரோசனை பண்ணாப் போதும்."

அவரு வர்ற சனிக்கெழமையும் வருவாரு, நானும் காப்பி வாங்கி வெச்சுட்டு உக்காந்திருப்பேன், வேற என்னங்க பண்றது.