மீன் அமிலமும் என் கைராசியும்

என் கையில் ராசி இல்லை. ஒரு துளியும் இல்லை! போடிமெட்டுச் சரிவில் ஏலக்காய் பயிரிட்டிருக்கிறவர்கள் எல்லாம் நம்புகிற அந்தக் கைராசி, நான் என் கணவரிடம் சொன்ன ஒரு பொய்யில் பிறந்தது.

இதை உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். நீங்கள் அவரைப் பார்க்கப் போவதில்லை. அந்தத் தைரியம்தான்...

போடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் தாவரவியல் ஆசிரியை. மலையில் எங்களுக்கு ஒரு சின்னத் தோட்டம் உண்டு. நடுவில் ஒற்றையடிப் பாதை. கிழக்கிலும் மேற்கிலும் ஏலச்செடிகள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் மழை எங்களை அடியோடு மறந்துவிட்டது. ஆள் கிடைக்காத காலம் வேறு. பள்ளி விடுமுறையில் நானும் என் கணவர் பரமனும்தான் ஜீப்பில் ஏறிப் போய் எல்லாச் சோலியையும் பார்த்தோம்.

மீன் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. மீன் கழிவையும் வெல்லத்தையும் டிரம்மில் போட்டு மூடி ஊறவைத்து, வடித்து, தண்ணீரில் கலந்து இலையில் தெளிப்பார்கள். மீனின் புரதம் உடைந்து அமினோ அமிலங்களாகியிருக்கும். செடிக்குத் தயார்ச் சாப்பாடு. என் கணவருக்கு அதன்மேல் அப்படியொரு நம்பிக்கை! அவர் ஊறவைத்த டிரம் ஒருநாளும் பக்குவமாக வந்ததில்லை என்பது வேறு விஷயம். மூடியைத் திறந்தால் குடலைப் பிடுங்கும்.

"இந்தா செல்வி, கெழக்குப் பக்கம் நீ பாத்துக்க, மேக்க நான் பாத்துக்கிறேன். வெரசா அடிச்சு முடிச்சம்னா கடைசி ஜீப்பைப் புடிச்சிரலாம்" என்றார்.

நான் அடிக்கவில்லை! என் பங்கைக் கொண்டுபோய் எல்லைப் பள்ளத்தில் கொட்டிவிட்டு, டேங்கில் வெறும் தண்ணீரை நிரப்பித் தெளித்தேன். காரணம் அறிவியல் என்று நினைக்கிறீர்களா? இல்லை ஐயா, வாடை! அந்த நாற்றம் தலைமுடியில் ஏறிக்கொண்டால் நாலு குளியலுக்கும் போகாது. அவ்வளவு அற்பமான காரணம். மறுநாள் காட்டுப்பன்றிகள் பள்ளத்தைக் கிளறிப் போட்டிருந்ததைப் பார்த்து, "என்ன ருசி கண்டுச்சோ" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தக் கோடை முழுக்க ஒவ்வொரு முறையும் அதையே செய்தேன். வெயில் ஏற ஏற, மேற்குப் பக்கம் வாடியது. வாட வாட அவர் இன்னும் அடித்தார். பிள்ளை சோர்ந்து கிடக்கிறதே என்று ஊட்டி ஊட்டிப் பார்க்கிற மாதிரி...

கிழக்கே அடி இலைகள்தான் பழுத்து உதிர்ந்தன. நடுக்குருத்து பச்சையாகவே நின்றது. மேற்கே முதலில் தளதளவென்று இளந்தளிர் விட்டது. பிறகு தளிரும் இலையும் ஒருசேரக் கருகின. தூர் தூராகச் சாய்ந்தன.

எனக்குத் தூக்கம் போயிற்று. பயத்தால் அல்ல, ஆர்வத்தால்! இரு பக்கமும் ஒரே மண், ஒரே நிழல், ஒரே குட்டைத் தண்ணீர். ஒரு நல்ல சோதனைக்கு வேண்டியதெல்லாம் என் பொய்யிலேயே அமைந்துவிட்டது. இரு பக்க இலைகளையும் ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸேறி மதுரைக்குப் போனேன். அங்கே ஆய்வகமொன்றில் வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழி, இலைச் சீவலில் சாயமேற்றி, ஒளிர்வு நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள்.

பார்த்தேன்... ஆகா! பட்டினி கிடந்த இலையின் செல்களுக்குள் ஒளிப்புள்ளிகள் மினுமினுவென்று நிறைந்திருந்தன. ஊட்டப்பட்ட இலையில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்தப் புள்ளிகள் என்ன என்று சொல்கிறேன், கேளுங்கள். செல்லுக்கு அமினோ அமிலம் தட்டுப்பாடாகும்போது, அது தன்னிடமிருக்கும் பழுதான புரதங்களையும் தேய்ந்த உறுப்புகளையும் ஒரு சவ்வுப் பையில் பொட்டலம் கட்டும். அதை உடைக்கிற அறைக்கு அனுப்பும். உடைந்து வரும் அமினோ அமிலத்தைக் கொண்டு உயிர்பிழைக்க வேண்டியதைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். பாடப்புத்தகத்தில் இதற்குச் சுயவிழுங்குதல் என்று பெயர். இதைத் தொடங்கலாமா, நிறுத்தலாமா என்று தீர்மானிப்பதும் அமினோ அமிலத்தின் இருப்புதான். நிறைய இருந்தால் செல்லுக்குள் இருக்கும் ஒரு கண்காணிப்புப் புரதம், 'வளர், கட்டு' என்று உத்தரவு போடும். பழையதை உடைக்கிற வேலை நின்றுவிடும். வீட்டில் பலசரக்கு வந்து இறங்கிக்கொண்டே இருந்தால் பரண்மேல் கிடக்கிற டப்பாவை யார் துழாவப் போகிறார்கள்?

மேற்குப் பக்கச் செடிகளுக்கு நடந்தது அதுதான். வேரில் ஈரமில்லாத நேரத்தில், இலைக்கு வெளியிலிருந்து விருந்து! வளரச் சொல்லி உத்தரவு வந்தது, வளர்ந்தன, தாக்குப்பிடிக்கத் தெரியாமல் கருகின. ஒரே ஒரு சரிவை வைத்துச் சட்டம் போட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்த ஒன்றை என் தோட்டத்திலேயே, என் கண்ணாலேயே கண்டேன்! அந்த அறையில் நான் சின்னப் பிள்ளைபோலக் கை தட்டினேன். என் வாழ்க்கையில் அதற்கு ஈடான நாள் இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் அவரிடம் சொல்லிவிடத்தான் மலையேறினேன். சத்தியமாக! ஆனால் பக்கத்துத் தோட்டத்துத் தவசி அண்ணன் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். கருகிய மேற்கையும் பச்சையான கிழக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன பரமா இது, பாதைக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு?" என்றார்.

"ரெண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரே தண்ணிதாண்ணே" என்றார் என் கணவர். "அது செல்வி பாத்த பக்கம். இது நான் பாத்தது. கைதான் வேற."

அப்போது வாயைத் திறந்திருக்கலாம்... ஏன் திறக்கவில்லை?

எங்கள் மலையில் புதுக்கன்று வைக்கும்போது, ராசியான கை என்று பெயரெடுத்தவரை அழைத்து முதல் கன்றை வைக்கச் சொல்வது வழக்கம். தவசி அண்ணன் அந்த இடத்திலேயே என்னை அழைத்துவிட்டார். அவர் தோட்டத்தில் நான் வைத்தது பிடித்துக்கொண்டது. அடுத்த தோட்டத்திலும் பிடித்தது. நல்ல கன்று, நல்ல மழை. பிடிக்காமல் என்ன செய்யும்? ஆனால் பெயர் எனக்கு!

வேடிக்கையைக் கேளுங்கள். மழையில்லாத காய்ச்சல் காலத்தில் மீன் அமிலம் வேண்டாம், மழை இறங்கட்டும் என்று ஆசிரியையாக நான் சொன்னபோது ஒருவரும் காதில் வாங்கவில்லை. கைராசிக்காரியாகச் சொன்னேன், மறுபேச்சில்லை! "செல்வியக்கா சொல்லிட்டாங்கல்ல, டிரம்ம மூடுங்கடா" என்று தோட்டம் தோட்டமாகச் செய்தி போயிற்று. மறுபடி ஒரு வறண்ட கோடை வந்தது. அடி இலைகள் உதிர்ந்தன, குருத்துகள் நின்றன. சரிவு முழுக்கப் பச்சை! விவசாயிகள் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஜீப்பில் எனக்கு எப்போதும் முன் இருக்கை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த வெற்றி எனக்கு இனிக்கிறது. இன்றைக்கும் இனிக்கிறது! அறிவியல் வென்றது... மூடநம்பிக்கையின் தோளில் ஏறிக்கொண்டு.

எல்லோரையும்விட அதிகமாகக் கொண்டாடுகிறவர் அவர்தான். "எம் பொண்டாட்டி கை பட்டா பட்டுப்போன கட்டையும் துளுக்கும்" என்று டீக்கடையில் நின்று அறிமுகமில்லாதவரிடம்கூடச் சொல்வார். அந்தப் பெருமையைப் பிடுங்கிக்கொண்டு, 'நான் ஏமாற்றினேன், நீங்கள் ஊட்டித்தான் அவை செத்தன' என்று எப்படிச் சொல்வேன்? இது அவர்மேல் உள்ள கருணையா, பொன்னாடைமேல் உள்ள ஆசையா? இரண்டும்தான். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் நுண்ணோக்கி என்னிடம் இல்லை.

இந்த ஆண்டு மழை இறங்கியதும் மேற்குப் பக்கத்தில் மறுநடவு போட்டோம். குழிகளெல்லாம் அவர் தோண்டியவை. எரு சுமந்தவர் அவர். அந்த மண்ணை அவரளவுக்கு அறிந்தவர் எங்கள் வீட்டில் யாருமில்லை. ஆனால் கன்றை மட்டும் தொடவில்லை.

"நீங்களும் ஒண்ணு வைங்களேன்" என்றேன்.

"அட, வேணாம் புள்ள. ஏங்கை வெளங்காத கை. நல்லா வர்றதக் கெடுக்கணுமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வருத்தமே இல்லாமல் சொன்னார்.

அவர் குனிந்து ஒரு கன்றை எடுத்தார். தம் விரல் அதன் வேரில் பட்டுவிடாதபடி, ஈரச் சாக்கைச் சுற்றி, சாக்கோடு என்னிடம் நீட்டினார்.

வாங்கி நட்டேன். அது அருமையாகப் பிடித்துக்கொண்டது.