நமுத்த குலவை

"அக்கா வாயி நமுத்துப் போச்சு" என்று என் ஓரகத்தி சொன்னாள். என் கொழுந்தன் பெண்சாதிதான். குழாயடியில், தெருப் பொம்பளைகள் எல்லாரும் குடத்தோடு நிற்கும்போது சொன்னாள். எங்கள் ஊர் சிவகாசி வட்டாரத்தில், ஆனைக்குட்டம் பக்கம். வீட்டுக்கு ஒருவராவது வெடிக் கம்பெனிக்கு வேன் ஏறுகிற ஊர். ஈரம் பட்டு, திரியில் நெருப்பு வைத்தாலும் புஸ்ஸென்று அடங்கிப்போகிற வெடியைத்தான் நமுத்தது என்போம். ஒரு மனுசியைக் கேவலப்படுத்த இங்கே அதைவிட வேறு வார்த்தை வேண்டியதில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நான் குடம் நிறையும் முன்னாலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் வாயில்லாதவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ரேஷன் கடையில் என் முறை வந்தாலும் பின்னால் நிற்பவளை முன்னே விடுவேன். கல்யாண வீட்டில் போட்டோக்காரன் வந்தால் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். குலவைக்கு மட்டும் எனக்கு வெட்கம் வந்தது இல்லை. முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, நாக்கை உள்ளே அடித்துப் போடுவதுதானே. முகம் தெரியாது, சத்தம் மட்டும் போகும். கல்யாணம் முடிந்து இந்தத் தெருவுக்கு வந்த வருசம் பங்குனிப் பொங்கலில் போட்டேன். அன்றிலிருந்து குலவையை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஆகிப்போனது. அம்மன் கோவில் முன்னால் முதல் பானை பொங்கி வழியும்போது நான் ஆரம்பிப்பேன். மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். பூசாரி அம்மன் கழுத்துப் பூவை எடுத்து முதலில் என் கையில்தான் கொடுப்பார். என் வாழ்நாளில் நாலு பேர் முன்னால் எனக்கென்று கிடைத்தது அந்த ஒன்றுதான்.

இது விளையாட்டுக் காரியம் இல்லை. பானை பொங்கும்போது குலவை சரியாக எழுந்தால் அந்த வருசம் வேன் ஏறிப் போகிற பிள்ளைகள் போன மாதிரியே திரும்பி வருவார்கள் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. படித்தவர்கள் சிரிக்கலாம். அவர்கள் வீட்டு ஆள் யாரும் வெடிமருந்து கலக்கிற ரூமில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

போன பொங்கலில்தான் என் வாய் என்னைக் கைவிட்டது. பல் எல்லாம் ஆடி, விருதுநகரில் டாக்டரிடம் பிடுங்கிவிட்டு செட்டு வைத்திருந்தேன். செட்டோடு போட்டால் நாக்கு அதில் போய் இடித்தது. கழற்றிவிட்டுப் போட்டால் வெறும் காற்றுத்தான் வந்தது. பானை வழிந்து அடுப்பே அணைந்துபோனது, எனக்கு ஒரு இழை எழும்பவில்லை. அதற்குப் பிறகு தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் என் வாயைத்தான் பார்த்தார்கள். ஒருத்திக்கு அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்ததற்குக்கூட நான்தான் காரணமாம்.

இந்த வருசம் மாசி முடியும்போதே ஓரகத்தி வீட்டுக்கு வந்தாள்.

"இனிமே நீங்க செரமப்பட வேண்டாம்க்கா. எம் மருமக போன்ல குலவை வச்சிருக்கா. ஸ்பீக்கர்ல மாட்டிவிட்டா ஆனைக்குட்டம் அணை வரைக்கும் கேக்கும்."

"போனா குலவை போடும்?" என்றேன்.

"காலம் மாறிப்போச்சு. நீங்களும் மாறுங்க."

காலம் மாறிப்போச்சு என்று சொன்ன இதே மகராசிதான், மருமகள் சுடிதார் போட்டு கம்பெனிக்குப் போனதற்கு வாரக்கணக்கில் அவளோடு பேசாமல் இருந்தவள். தன் பக்கம் பூ வரும் என்றால் காலம் மாறலாம். மருமகளுக்குக் குலவையும் வராது, ஆசையும் கிடையாது, பாவம். பட்டனை அமுக்குவதோடு அவள் வேலை சரி. பூவை வாங்கப் போவது மாமியார்தான்.

ஓரகத்திக்கு நான் காபிகூடப் போட்டுக் கொடுக்கவில்லை.

அந்த மாதம் எனக்கு எரிச்சல் மூட்ட இன்னொருத்தியும் இருந்தாள். என் வீட்டுக்குப் பின்னால் ஓரகத்திக்கு ஒரு ரூம் உண்டு. அதை ஒடிசாவில் இருந்து வந்த குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். புருசன் சிவகாசியில் காலண்டர் பிரஸ்ஸில் லோடு ஏற்றுகிறவன். பெண்சாதிக்கு வெடிக் கம்பெனியில் பெட்டி ஒட்டும் வேலை. அவள் சமையலில் கடுகெண்ணெய் வாடை என் அடுப்படிக்கு வந்துவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தமிழை அவள் கம்பெனியில் சூப்பர்வைசர் பேசுவதைக் கேட்டுத்தான் படித்திருக்கிறாள். அவன் ஆட்களை விரட்டுகிற மாதிரியே எங்களிடம் பேசுவாள். விடிந்ததும் சுவருக்கு மேல் தலையை நீட்டுவாள்.

"ஏலே அம்மா! தண்ணி வந்துச்சு. சீக்கிரம் எடுலே!"

ஏலே என்பது சின்னப் பயல்களை அதட்டுகிற வார்த்தை; என் புருசன்கூட என்னை அப்படிக் கூப்பிட்டது இல்லை. முதல் தடவை கேட்டபோது திட்டவும் வாய் வரவில்லை. கதவைப் படீரென்று சாத்தினேன். அவளுக்கு அது கோபம் என்றே புரியவில்லை. மறுநாளும் அதே "ஏலே."

பொங்கல் அன்று சாயங்காலம் கோவில் முன்னால் அடுப்புகள் வரிசையாக எரிந்தன. வேப்பமரத்தில் ஸ்பீக்கரைக் கட்டியிருந்தார்கள். ஓரகத்தி பட்டுச்சேலை கட்டி, பூசாரிக்குப் பக்கத்திலேயே நின்றாள். நான் பல் செட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். ஒருவேளை வந்துவிடாதா என்று ஒரு நப்பாசை.

முதல் பானையில் நுரை ஏறியது. மருமகள் போனை அமுக்கினாள். ஸ்பீக்கரில் குலவை எழுந்தது, நல்ல குலவைதான், பொய் சொல்லக் கூடாது. பொம்பளைகள் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோகும் நேரம், அது அப்படியே நின்று ஒரு ஆம்பளைக் குரல் கேட்டது.

"உங்களுக்கு முடி கொட்டுகிறதா?"

விளம்பரம். மருமகள் பதறி அமுக்க அமுக்க அவன் எண்ணெயின் அருமையைச் சொல்லிக்கொண்டே போனான். நுரை பானை விளிம்புக்கு வந்துவிட்டது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முந்தானையால் வாயை மறைத்து நாக்கை அடித்தேன். புஸ். திரும்பவும் அடித்தேன். புஸ். வேன் ஏறுகிறவர்களின் அம்மாமார் முகத்தை நான் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது பின்னால் இருந்து ஒரு குலவை எழுந்தது. எங்களுடையதைவிட மெல்லிசு, கடைசியில் மேலே இழுத்து முடிந்தது. ஆனால் குலவைதான். கண்ணைத் திறந்து பார்த்தேன். ஒடிசாக்காரி. அவர்கள் ஊரிலும் பொம்பளைகள் நல்ல காரியத்துக்கு இப்படித்தான் போடுவார்களாம். எனக்கு அது அதற்குப் பிறகுதான் தெரியும். பானை பொங்கி வழிய, கிழவிகள் யாரும் யோசிக்கவில்லை, அவள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகுதான் இளசுகள் போட்டன.

சத்தம் அடங்கியதும் ஓரகத்தி பாய்ந்தாள்.

"எவடி உன்னைப் போடச் சொன்னது? வடக்கயிருந்து பொளைக்க வந்தவ எங்க சாமிக்குக் குலவை போடுவியா? நாளைக்கே ரூமைக் காலி பண்ணு!"

அவள் முழித்தாள். சாமி என்பதும் ரூம் என்பதும் மட்டும் புரிந்திருக்கும். பூசாரி பூவைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

எனக்கு ஒடிசாக்காரியைப் பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. ஆனால் ஓரகத்தி கையில் அந்தப் பூ போவதைப் பார்ப்பதற்கு நான் செத்துப்போகலாம் என்று இருந்தது. பல் இல்லாத வாயால்தான் சொன்னேன்.

"அவளுக்குக் குடுங்க சாமி. இனிமே அவதான் எடுத்துக் குடுப்பா."

"அக்கா!"

"அவளைக் காலி பண்ணச் சொல்லிட்டு, அடுத்த பொங்கலுக்கு யாரைப் போடச் சொல்லுவ? அந்த முடி கொட்டுறவனையா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. குழாயடியில் என்னைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள்தான். பூசாரி பூவை ஒடிசாக்காரி கையில் வைத்தார். வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பி நடந்தது எனக்குச் சுகமாக ஒன்றும் இல்லை. வழியெல்லாம் இரண்டு பேரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் விடிந்ததும் சுவருக்கு மேல் தலை தெரிந்தது. கொண்டையில் அந்தப் பூ.

"ஏலே அம்மா! தண்ணி! எடுலே!"

"எடுங்கன்னு சொல்லு, மூதேவி" என்று கத்தினேன். நான் கத்தியது எனக்கே கேட்டது.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"எடுங்கலே" என்றாள்.

ரூம் காலியாகவில்லை. சித்திரையில் எதிர்வீட்டில் பால் காய்ச்சினார்கள். குலவைக்கு என்னைக் கூப்பிட வந்தவர்களிடம் பின்னால் கையைக் காட்டினேன். "அங்கன போய்க் கேளுங்க." அவள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்து எடுத்துக் கொடுத்தாள். நானும் ஓரகத்தியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பின்வரிசையில் நின்று சேர்ந்துகொண்டோம். என் வாயில் இருந்து காற்றுத்தான் வந்தது. அந்த நெரிசலில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். ஓரகத்தி மட்டும் என் காதுப் பக்கம் குனிந்து, "புஸ்" என்றாள்.

நான் அவள் காலை நன்றாக மிதித்தேன். குலவையை நிறுத்தவில்லை.