வள்ளம் தெரியாதவன்

பாரிஸின் லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருக் கடையொன்றின் பின்னறையில், அகதிக் கேஸ் எழுதித் தருகிற அண்ணை இருந்தார். ஊரில் கடலேரியில் சனம் ஏற்றி வள்ளம் வலித்தவன் என்று நான் சொன்னதும் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"வள்ளம் எண்டு இஞ்சை வாயே திறக்கக்கூடாது. புலியளின்ரை இயக்கத்துக்கு வள்ளம் ஓட்டினவன் எண்டு நினைப்பாங்கள். நீர் தோட்டக்காரன். உம்மடை ஐயாவும் தோட்டக்காரன். தண்ணியைக் கிணத்திலைதான் கண்டனீர், விளங்குதோ?"

"ஓம் அண்ணை" என்றேன். என்னைப் பெற்று, துடுப்புப் பிடிக்கப் பழக்கிய ஐயா, ஒரே தாளில் வெங்காயத் தோட்டக்காரர் ஆனார். அந்தப் பொய்க்கு விசா கிடைத்தது. அகதிக்கு ஊர் திரும்ப வழியில்லை; ஐயா செத்தபோது கொள்ளி வைக்க மட்டும் போக முடியவில்லை.

2009இல் சண்டை முடிந்த பிறகு பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். பழைய கேஸையும் புரட்டிப் பார்ப்பார்கள் என்று எல்லோரும் வெருட்டினார்கள். அந்த நேரம் பார்த்து, நான் கோப்பை கழுவிய உணவகத்தின் முதலாளிக்குச் சரித்திரப் பைத்தியம் முற்றியது. முந்நூறு வருடங்களுக்கு முன் பிரெஞ்சுக்காரர் அமெரிக்காவில் ஆறு தேடிப் போன பயணத்தை, அதே மாதிரி வள்ளத்தில், அதே மாதிரி உடுப்போடு, செய்ன் நதியில் நடித்துக் காட்டப் போகிறார்களாம். ஓராள் குறைகிறது, வா என்றார். மாட்டேன் என்றிருக்கலாம். தண்ணீர் ஆசை விடவில்லை.

முதலாளி எனக்குத் துடுப்புப் பிடிக்கக் கற்றுத் தந்தார்! இரண்டு கோடை, ஞாயிறுதோறும், தெரிந்த வேலையை வேண்டுமென்றே பிழையாகச் செய்தேன். அதைவிடக் கேவலமான வேலை நான் பாரிஸில் பார்த்ததில்லை, கக்கூஸ் கழுவியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நடிப்புப் பயணம் முடிந்து வள்ளம் பாரிஸுக்குள் வந்து சேர்ந்த நாள் கரை நிறையச் சனம். என் மகளும் நின்றாள். பாலத்தடியில் சுழித்த தண்ணீர் வள்ளத்தைத் திருப்பியது. என் கை என்னைக் கேட்கவில்லை. இரண்டே தரம் துடுப்பை வலித்து நேராக்கிவிட்டது. கரையேறியதும் தொலைக்காட்சிக்காரி மைக்கை நீட்டினாள். எங்கே பழகினீர்கள்? முதலாளி முந்திக்கொண்டு என் தோளில் கை போட்டார்.

"இவர் தோட்டக்காரர். படகையே தொட்டதில்லை. நாங்கள்தான் பழக்கினோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது மெத்ரோவில் மகள் பிரெஞ்சில் கேட்டாள்: "உங்கள் ஊரில்தான் கடல் இருந்ததே, அப்பா. அங்கே ஒருவரும் பழக்கவில்லையா?"

பெட்டி நிறைய எங்கள் தமிழ் ஆட்கள், கதை எங்கும் போகும். குடியுரிமைக் கேஸ் இன்னும் அலுவலகத்தில் கிடந்தது.

"ஒருத்தரும் இல்லையம்மா" என்றேன்.

ஐயாவுக்கு நான் வைத்த கொள்ளி அதுதான்.